ஏழை என்று எழுதிக் கொடுக்கிறவள்

படிவம் நிரப்புகிற தொழில் என்பது, அடுத்தவர் வீட்டுக் கஷ்டத்தை ஓர் அங்குலக் கட்டத்துக்குள் அடங்குகிற மாதிரி எழுதுகிற தொழில்.

கண்டி மாவட்டத்து வத்தேகம டவுனில், பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் நஸீர் நானாவின் போட்டோக் கொப்பிக் கடை. அதன் வாசலில் ஒரு மேசை, இரண்டு கதிரை, நான். எனக்கு எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. கட்டுகஸ்தோட்டையில் காணிப் பத்திரம் எழுதுகிற ஒரு நொத்தாரிசு வீட்டில் வேலைக்கு நின்றபோது, அந்த வீட்டுப் பிள்ளைகள் கழித்துப்போட்ட பள்ளிக் கொப்பிகளைப் பார்த்துச் சிங்களம் எழுதப் பழகினேன். இன்றைக்கு அந்த எழுத்துதான் சோறு போடுகிறது.

இந்த நாட்டில் ஆஸ்பத்திரி இலவசம்தான். ஆனால் பெரிய ஒப்பரேஷன் என்றால் வரிசை நீளம். காத்திருக்க முடியாத ஏழை நோயாளிக்கு, தனியார் ஆஸ்பத்திரியில் செய்துகொள்ள அரசாங்கத்தின் வைத்திய உதவி நிதி கைகொடுக்கும். அதற்கு நோயாளி என்றும் காட்ட வேண்டும், ஏழை என்றும் காட்ட வேண்டும். முதலாவதற்கு டொக்டர் இருக்கிறார். இரண்டாவதற்கு நான் இருக்கிறேன். நீங்களும் ஏதாவது ஓர் அலுவலகத்தில் கால் கடுக்க நின்று, ஜன்னலை நெருங்கியபோது ஒரு கடுதாசி குறைகிறது என்று திருப்பி அனுப்பப்பட்டிருப்பீர்கள். அதனால் உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பயந்த பிறவி. ஒரு படிவத்தை மூன்று தரம் வாசிப்பேன். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஏறியதும் அடையாள அட்டை இலக்கத்தில் ஆறா எட்டா போட்டேன் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

வருமானக் கட்டம்

ஹுன்னஸ்கிரியவிலிருந்து ஒரு பெரியவர் கண்ணுக்கு லென்ஸ் போட உதவி கேட்டு வந்தார். தேயிலைத் தோட்டத்தில் வேலை முடிந்து ஓய்வு எடுத்தவர். மாத வருமானம் என்ன என்று கேட்டேன். மகன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான், அனுப்பினால் உண்டு என்றார். ஓய்வின்போது கிடைத்த பணம் மகளின் கல்யாணத்தோடு முடிந்துவிட்டதாம். அப்படியானால் வருமானம் இல்லை என்று எழுதட்டுமா என்று கேட்டதும் அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

உழைத்து வாழ்ந்த மனிதர், அந்தச் சொல் அவருக்குப் பொறுக்கவில்லை. படிவத்தை என் கையிலிருந்து வாங்கி, பார்வை மங்கிய கண்ணுக்குக் கிட்டே பிடித்து மேலும் கீழும் தேடினார். "வருமானம் வரத்தான் செய்யுதும்மா. வந்த காலோட போயிருது. போறத எழுதுற கட்டம் இதுல எங்க இருக்கு?"

உதவிக்கு ஆள்

பழனியம்மா மடுல்கெல்லயில் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். நாற்பது வயது இருக்கும். புருஷன் சிவலிங்கத்துக்கு இருதயத்தில் ஒரு வால்வு கெட்டுவிட்டது. தேயிலைத் தொழிற்சாலையில் மூட்டை தூக்கிய மனிதர், இப்போது லயத்து வரிசை வீட்டின் படி ஏறவே மூன்று தரம் உட்காருகிறார். மூன்று மாதத்துக்கு மேல் தள்ளக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். உதவிக் கடிதம் வந்த பிறகுதான் ஒப்பரேஷனுக்கு நாள் குறிக்க முடியும். முதலில் செய்துவிட்டுப் பிறகு கேட்டால் நிதி ஒரு சதமும் தராது.

எல்லாக் கட்டமும் ஒழுங்காகத்தான் போனது. சிகிச்சைக்கு உதவக்கூடியவர்கள் உண்டா என்ற கட்டத்தில் வந்து நின்றுவிட்டோம். பழனியம்மா லயத்தில் இருக்கிறவர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லத் தொடங்கினாள். ஒரு பெயர் எழுதினாலும், அவரிடமே வாங்கிக்கொள் என்று சொல்லிவிடுவார்கள், இல்லை என்றுதான் எழுத வேண்டும் என்று விளக்கினேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அவளுக்குத் தெரியாமல் எழுத எனக்கும் மனமில்லை. பஸ் ஒன்று போய், அடுத்த பஸ்ஸும் வந்தது. கடைசியில் சிவலிங்கத்தின் பெயரைச் சொல்லித்தான் சம்மதிக்க வைத்தேன். நான் எழுதுகிறபோது மேசைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். "ராத்திரியில இவர தூக்கிட்டு ரோட்டுக்கு ஓடுனவங்க அக்கா அவங்க. இல்லன்னு எழுதிட்டு அவங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

பிளாஸ்டிக் உறை

படிவத்தில் டொக்டர் எழுதி முத்திரை குத்த ஒரு பக்கம் உண்டு. அதைக் கவனமாக வைத்திருங்கள், கசங்கினாலும் நனைந்தாலும் எடுக்கமாட்டார்கள் என்று நான் சிவலிங்கத்துக்கு நாலு தரம் சொன்னேன். நான் ஒன்றை நாலு தரம் சொன்னால் கேட்கிறவருக்கும் என் பயம் பிடித்துவிடுகிறது. அவர்கள் குடியிருக்கிற ஒற்றை அறைக் காம்பராவில் கூரைத் தகரம் ஒழுகும். அதனால் நான் பல்வலிக்கு லீவு போட்ட ஒரு நாளில் அவர் மெதுவாக டவுனுக்கு வந்து, நஸீர் நானாவிடம் கொடுத்து, அந்தப் பக்கத்தை வெறுமையாகவே லெமினேட் செய்துவிட்டார்.

கிளினிக்கில் டொக்டரின் பேனா அதில் எழுதவில்லை. முத்திரை மை வழுக்கிக்கொண்டு போனது. அடுத்த கிளினிக் இரண்டு கிழமை கழித்து. மூன்று மாதத்தில் இரண்டு கிழமை பிளாஸ்டிக்குக்குள் போய்விட்டது. நான் நஸீர் நானாவோடு சண்டைக்கு நின்றேன். அவரும் மனம் நொந்துதான் இருந்தார். புதுப் படிவம் இரண்டு பிரதி எடுத்து, காசு வாங்காமல் என் மேசையில் வைத்தார். "நனையாம செஞ்சு தாங்கண்டு ஒரு நோயாளி கேட்டா, நான் ஏலாதுண்டு சொல்லவா தங்கச்சி?"

வீட்டை ஒழுங்காக வை

டொக்டரின் முத்திரையோடு படிவம் பிரதேச செயலகத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, கிராம சேவகர் வீட்டுக்கு வந்து வசதியைப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். இந்தப் பகுதிக்கு வந்திருக்கிறவர் இளம் சிங்களப் பிள்ளை, தமிழும் கொஞ்சம் பேசுவார். நாள் தெரிந்ததும் பழனியம்மா என்னிடம் ஓடி வந்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள். நான் யோசிக்காமல், வீட்டை ஒழுங்காக வைத்திரு, மரியாதையாகப் பேசு என்றேன். நல்ல வார்த்தைதானே? நீங்களாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள்.

விசாரணை முடிந்த மறுநாள் அவள் சிரித்துக்கொண்டே வந்து நடந்ததைச் சொன்னாள். அரசாங்க உத்தியோகத்தர் லயத்துக்குள் வந்து உட்காருவது இதுதான் முதல் தடவை. அவரை எங்கே உட்கார வைப்பது? லயத்து ஆட்கள் கூடிப் பேசியிருக்கிறார்கள். கடைசிக் காம்பராவிலிருந்து குஷன் கதிரை இரண்டு வந்தது. நடுக் காம்பராவிலிருந்து டீவி வந்தது. பக்கத்து வீட்டு மேரி தன் காதுத் தோட்டைக் கழற்றிப் பழனியம்மாவுக்குப் போட்டுவிட்டாள். அதோடு நிற்காமல், டுபாயில் இருக்கிற மகள் வாங்கிக் கொடுத்த பிரிட்ஜையும் நாலு பேரை வைத்துத் தூக்கி வந்து வைத்தாள். உத்தியோகத்தர் மாத்தயாவின் கண்ணுக்கு முன்னால் அதைத் திறந்து சோடா எடுத்து ஊற்றிக் கொடுத்தார்களாம்.  நான் கையிலிருந்த பேனாவை மூடி மேசையில் வைத்தேன். "மாத்தயாவுக்கு நாங்க ஒரு கொறையும் வைக்கல அக்கா."

கண்ணால் கண்டது

ஒரு மாதத்தில் பதில் வந்தது. குளிர்சாதனப் பெட்டி, தொலைக்காட்சி, குஷன் கதிரைகள், தங்கத் தோடு, ஆகவே குறைந்த வருமானம் உடைய குடும்பம் அல்ல. மூன்று மாதத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது.

கடிதத்தைத் தூக்கிக்கொண்டு பிரதேச செயலகத்துக்கு ஓடினேன். அந்த மேசையில் இருப்பவர் சுகந்தினி மிஸ், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. கோபப்படவே மாட்டார். நான் மூச்சு வாங்கச் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். மேன்முறையீடு எழுதித் தாருங்கோ, திரும்பவும் விசாரிக்கச் சொல்லி அனுப்புறன் என்றார். ஆனால் இந்தத் தடவை முன்கூட்டி அறிவிக்கமாட்டார்கள், அறிக்கை மாத முடிவுக்குள் வராவிட்டால் அடுத்த சுற்றுக்குப் போய்விடும் என்றும் சொன்னார். கிராம சேவகர் பொய் எழுதிவிட்டார் என்று நான் முணுமுணுத்தேன். "இல்லை அக்கா, அந்தத் தம்பி கண்ணால கண்டதைத்தான் எழுதியிருக்கிறார். நீங்கள் காட்டினதைத்தானே அவர் காணலாம்."

பதினொரு கையெழுத்து

மேன்முறையீட்டில் அந்தச் சாமான்கள் ஏன் அங்கே இருந்தன என்று விளக்க வேண்டும். எத்தனையோ கடிதம் எழுதியவள் நான், இதற்கு மட்டும் பேனா ஓடவில்லை. வந்தவரை மரியாதையாக உட்கார வைப்பதற்காக என்று எழுதினேன். அதற்கு மேல் ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லயத்தில் இருந்து ஆட்கள் வந்தார்கள். கதிரை என்னுடையது, டீவி என்னுடையது என்று சாமான் கொடுத்தவர்களும், தூக்கி வந்தவர்களும், சாட்சிக்கென்று வந்தவர்களுமாகப் பதினொரு பேர். கையெழுத்தும் கைநாட்டுமாக வைத்தார்கள். மேரி தலையைக் குனிந்தபடி நின்றாள், நல்லது செய்யப்போய் ஓர் உயிருக்கு வினை வைத்துவிட்டேன் என்று. எனக்கும் அதே பயம்தான். யார் சொல்லி இதெல்லாம் நடந்தது என்று நான் வாய் திறக்காமல் இருந்தேன். பழனியம்மா அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, மேரியைத் தேற்றுவதற்காகத்தான் சொன்னாள். "ஒம்மேல என்ன இருக்கு? வீட்ட ஒழுங்கா வைக்கச் சொன்னது இந்த அக்காதானே."

சொல்லாமல் வந்த நாள்

மாதம் முடிய நாலு நாள் இருந்தது. காலையில் கிராம சேவகர் நஸீர் நானாவின் கடைக்கு வந்து இரண்டு கொப்பி எடுத்துக்கொண்டு, மடுல்கெல்ல பஸ்ஸில் ஏறுவதைக் கண்டேன். மேசையை அப்படியே போட்டுவிட்டு நானும் ஏறிக் கடைசி ஆசனத்தில் உட்கார்ந்தேன். கையில் போன் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லலாம். ஆனால் என்னவென்று சொல்வது? போன தடவை ஒழுங்காக வைக்கச் சொல்லி வந்த வினை போதாதா? வழி முழுக்கப் போனைப் பிடித்துக்கொண்டே இருந்தேன், அழைக்கவில்லை. அவர் என்னைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இறங்கி அவர் பின்னாலேயே காம்பராவுக்குப் போனேன். பழனியம்மா மலையில் கொழுந்துக்குப் போயிருந்தாள். சிவலிங்கம் மட்டும் கட்டிலில் சாய்ந்திருந்தார். காம்பராவில் அந்தக் கட்டில், ஒரு தகரப் பெட்டி, கொடியில் நாலு துணி. பிரிட்ஜ் எங்கே என்று கேட்டார் கிராம சேவகர். சிவலிங்கம் உள்ளதைச் சொல்கிற மனிதர். கொண்டுபோய்விட்டார்கள் என்றார். உத்தியோகத்தரின் முகம் மாறியது. நாங்கள் ஒளித்துவிட்டோம் என்றுதானே நினைப்பார்! 

அவர் பிரிட்ஜ் இருந்த மூலைக்குப் போனார். சுவரைப் பார்த்தார். குனிந்து கட்டிலுக்குக் கீழேயும் பார்த்தார். கூரையிலிருந்து ஒரு வயர் வந்து ஒரு பல்ப்போடு முடிந்தது. பிளக் எங்கே என்று கேட்டார். அப்படி ஒன்று இந்தக் காம்பராவில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்றார் சிவலிங்கம். மாத்தயா அந்தப் பல்பை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு அந்தத் தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, பைலைத் திறந்து எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே தலையை ஆட்டினார். "அதுதான் அன்னைக்கு சோடா சூடு."

மறுபடியும் அந்தக் கட்டம்

கடிதம் வந்தது. டொக்டர் சொன்ன கெடுவுக்கு ஐந்து நாள் முந்தி கண்டியில் ஒப்பரேஷன் நடந்தது. நிதி கொடுத்தது போக மிச்சத்தை லயத்துக்காரர்கள் போட்டார்கள். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் முறை வைத்துச் சோறு கொண்டுபோனதும் அவர்கள்தான். அந்த நாட்களில் நான் எத்தனை தரம் போன் எடுத்துக் கேட்டேன் என்பதைப் பழனியம்மாவிடம்தான் கேட்க வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து இருவரும் என் மேசைக்கு வந்தார்கள். சிவலிங்கம் பஸ்ஸிலிருந்து இறங்கி, எங்கேயும் உட்காராமல் நடந்து வந்தார். நான் கதிரையைத் தள்ளிப் போட்டேன், வேண்டாம் என்று நின்றுகொண்டே பேசினார். பழனியம்மா பையிலிருந்து படிவத்தின் பிரதியை எடுத்தாள். இவ்வளவு காலமும் பத்திரமாக வைத்திருக்கிறாள். விரித்து, எழுதப் படிக்கத் தெரியாதவள் அந்தக் கட்டத்தை மட்டும் சரியாக விரலால் தொட்டுக் காட்டினாள். "இதுலதானே அக்கா ஒதவிக்கு ஆள் இல்லன்னு எழுதுனீங்க? இப்பதான் எல்லாம் முடிஞ்சிருச்சே, அத வெட்டி விட்டுருங்களேன்."

நான் பேனாவை எடுத்து வெட்டிக் கொடுத்தேன். அன்றிலிருந்து விசாரணைக்கு நாள் குறித்து யார் வந்தாலும், மாத்தயாவுக்குக் கதிரை ஒன்று போதும், அதுவும் கால் ஆடுகிற கதிரையாக இருக்கட்டும் என்று நாலு தரம் சொல்லி அனுப்புகிறேன்.