எழுபத்து நான்காம் நம்பரின் கருத்து

அந்தப் புத்தகத்தைத் திறந்தபோது முதலில் எழுந்து வந்தது பேய் அல்ல, பசை வாடை. ஷூவின் மேல்தோலையும் உள்துணியையும் ஒட்டுவதற்கு அம்மாவின் கம்பெனியில் வைத்திருந்த, "சொல்யூஷன்" என்று எல்லோரும் சொல்லுகிற, கொஞ்சம் அதிகமாக மூக்கில் ஏறினால் தலையைச் சுற்றவைக்கிற அந்தப் பசையின் வாடை பக்கத்துக்குப் பக்கம் ஏறியிருந்தது. ராணிப்பேட்டையில் நாங்கள் குடியிருந்த தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கம்பெனியின் வாடை உண்டு என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அம்மாவின் கையில் வழக்கமாக அடிக்கும் தையல் மிஷின் எண்ணெய் வாடை போய், இரண்டு மாதமாக இந்தப் பசை வாடை அடித்துக்கொண்டிருந்தது என் மூக்குக்குத் தெரிந்தது. ஏன் என்று கேட்கத்தான் எனக்குத் தோன்றவில்லை.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்த்த அப்பா, அதற்கு இரண்டு வருஷம் முன்பு மஞ்சள் காமாலையில் போய்விட்டார். வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மாவின் பெயர் எஸ்தர். அதிகம் பேசமாட்டாள், அழுதும் நான் பார்த்ததில்லை. ஆனால் சாயங்காலம் டேனரியில் "சங்கு" ஊதினால், அப்பா சைக்கிளை நிறுத்துகிற நேரம் அதுதான் என்பதால், கையில் எந்த வேலை இருந்தாலும் ஒரு தரம் வாசலைப் பார்ப்பாள். அப்பா போன முதல் வருஷம் முழுக்க ஒரு தட்டில் சோறு போட்டு மூடி வைப்பாள், யாருக்கு என்று கேட்டால் தனக்கு என்பாள். நானும் நம்பினேன்.

அம்மாவின் கம்பெனியில் பெண்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பஸ் ஸ்டாண்டு கடையில் மாத நாவல் ஒன்றை வாங்கி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்குச் சில நாள் என்று கைமாற்றிப் படிப்பார்கள். படித்து முடித்தவர் பின்னட்டையின் உட்புறத்தில் ஒட்டிய கறுப்புக் காகிதத்தில், தோலில் குறி போடுகிற "சில்வர் பேனா"வால் தன் கருத்தை எழுத வேண்டும். பெயர் எழுதக்கூடாது, டோக்கன் நம்பர் மட்டும்தான். சூப்பர்வைசர் பார்த்தால் யார் வேலை நேரத்தில் படித்தது என்று கண்டுபிடிக்கக்கூடாதாம். அதே சூப்பர்வைசரிடம்தான் நம்பர் வாரியாக எல்லோருடைய பட்டியலும் இருந்தது என்பது அந்த அறிவாளிகளில் ஒருவருக்கும் உறைக்கவில்லை! இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. கதையை முடிக்காமல் பின்னட்டையைத் திருப்பக்கூடாது, முடிவு தெரிந்துவிடும்.

அந்த மாதம் சுற்றில் இருந்தது ஒரு பேய்க் கதையின் இரண்டாம் பாகம். செத்தவர்களைக் கண்ணால் பார்க்கிற ஒரு நர்ஸின் கதை. முதல் பாகத்தில் அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிற ஆவிகளின் குறைகளை எல்லாம் கேட்டுத் தீர்த்துவைத்து அனுப்புவாள். அதைப் படித்துவிட்டு கம்பெனி பஸ்ஸில் இருட்டான ஸீட்டில் உட்கார யாரும் முன்வரவில்லை என்று அம்மாவே சிரித்திருக்கிறாள். இரண்டாம் பாகத்தில் வருகிற ஆவி, நர்ஸின் சொந்தப் புருஷன். தினமும் வாசலில் வந்து நின்று தன்னோடு வரச் சொல்லிக் கூப்பிடுகிறான். கடைசி அத்தியாயத்தில் அவள் அழுதுகொண்டே கதவைச் சாத்திவிடுகிறாள், அதோடு அவளுக்குச் செத்தவர்கள் தெரிவதும் நின்றுபோகிறது.

ஒரு வியாழக்கிழமை அம்மா குளிக்கப் போயிருந்தபோது, சாப்பாட்டுப் பையிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்தேன். பாதியில் ஒரு பக்கம் மடித்திருந்தது. எனக்குக் கதையைவிடப் பின்னட்டைதான் ருசி. கெட்டி முனைப் பேனா என்பதால் எல்லோருடைய கையெழுத்தும் ஒரே மாதிரி குண்டு குண்டாக மின்னும். நூற்றுப்பன்னிரண்டாம் நம்பர், "முதல் பாகம் அளவுக்குப் பயம் இல்லை, ஆஸ்பத்திரி லிஃப்ட் இடம் மட்டும் சூப்பர்" என்று எழுதியிருந்தது. முப்பத்தெட்டு, "செத்தவன் தலைவாரி பவுடர் போட்டுக்கொண்டு வருகிறான், எங்க வூட்டுக்காரர் உயிரோடு இருந்தே அப்படி வந்ததில்லை" என்று எழுதியிருந்தது. இருநூற்றைந்து, மூன்றாம் பாகம் வந்தால் தனக்குத்தான் முதலில் தரவேண்டும் என்று இப்போதே இடம் பிடித்து வைத்திருந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அடுத்த வரிகளைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"கதவைச் சாத்தியது தப்பு. சொந்த மனுஷன் வந்து நின்று கூப்பிடும்போது போகாமல் இருக்க முடியுமா. இதை எழுதியவருக்கு அப்படி யாரும் வந்திருக்க மாட்டார்கள். எனக்கு வருகிறார். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். 74."

எழுபத்து நாலு அம்மாவின் நம்பர். அவளுடைய டிபன் பாக்ஸ் மூடியில் அதே சில்வர் பேனாவால் எழுதியிருக்கும், நான் ஒன்றாம் வகுப்பில் எண் படித்ததே அந்த மூடியைப் பார்த்துத்தான். குளியலறையில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்றது. புத்தகத்தைப் பைக்குள் திணித்துவிட்டு, பாடம் படிப்பதுபோல உட்கார்ந்தேன். பாதியில் மடித்த பக்கத்தைப் பற்றி யோசித்தபோது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. ஒரு தரம் முடித்துக் கருத்தும் எழுதிவிட்டு, அந்தக் கதையை மறுபடியும் முதலிலிருந்து படிக்கிறாள் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை, அம்மாவை வீட்டிலேயே நிறுத்திவைக்க வயிற்றுவலி என்று படுத்தேன். அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். சாயங்காலம் சங்கு ஊதியபோது அவள் வாசலைப் பார்க்க, நானும் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. ஆனால் அவளுக்கு யாராவது தெரிகிறாரா என்று அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா எனக்குப் பிரியமானவர். அந்த இரண்டு நாளில் அவர் மேல் எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. போனவர் போனவராக இருக்காமல், இருக்கிற ஒருத்தியையும் எதற்குக் கூப்பிட வேண்டும்? சனிக்கிழமை அம்மா என் துணிகளை எல்லாம் துவைத்து, மடித்து, அடுக்கி வைத்தாள். அது எல்லாச் சனிக்கிழமையும் செய்கிற வேலைதான், அன்றைக்கு எனக்கு அப்படித் தெரியவில்லை.

ஞாயிறு காலை, ஆராதனைக்குக் கோயில் போவதற்காக அம்மா வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு செருப்பைத் தேடினாள். செருப்பு கிடைக்காது, நான் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். வெறுங்காலோடு கிளம்பப் பார்த்தவளை மறித்து, வாசற்படியில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னாடி ஆச்சு உனக்கு? மணி அடிக்கப் போறாங்க."

"போவாதம்மா. அப்பா கூப்ட்டா போவாத."

புத்தகத்தை எடுத்துப் பின்னட்டையைத் திருப்பி அவள் முகத்துக்கு நேராக நீட்டினேன். அம்மா மெதுவாகத்தான் படிப்பாள், உதடு அசையும். கடைசி வரியில் உதடு நின்றது.

"இது நான் எழுதலடி. நான் இன்னும் பாதிகூட தாண்டல."

"எழுபத்தி நாலு உன் நம்பர் தானம்மா?"

"டோக்கன்ல இருக்கறது மிஷினு நம்பரு. யாரு ஒக்கார்றாங்களோ அவங்களுக்கு" என்றாள். பிறகு, என்னிடம் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னாள். அப்பா போனதிலிருந்து கை நடுங்கி, இரண்டு தரம் விரலில் ஊசி ஏறி, அவளைத் தையலிலிருந்து எடுத்துப் பசை போடுகிற இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். டெய்லர் என்று தெருவில் பேர் வாங்கியவள், இப்போது "ஹெல்பர்" என்று சொல்ல வாய் வராமல் பழைய டிபன் மூடியோடே போய்வந்துகொண்டிருந்தாள். புது நம்பர் நூற்று முப்பத்தொன்று. பழைய மிஷினில் உட்காருவது காவேரிப்பாக்கத்திலிருந்து வருகிற தனம். கல்யாணமாகி எட்டு மாதத்தில், ஏரியில் மீன் பிடிக்கப் போன புருஷனைப் பறிகொடுத்த பெண் அவள்.

இதைச் சொல்லிக்கொண்டே வந்த அம்மா, சட்டென்று நிறுத்தி, கோயில் புடவையில் நின்றுகொண்டே, "இன்னிக்கு இன்னா கெழம?" என்று என்னைக் கேட்டாள்.

பக்கத்து வீட்டு சலீம் பாய் லோடு ஆட்டோவில் மேல்விஷாரத்துக்குத் தோல் ஏற்றிப் போகிறவர். அன்றைக்கு அவருக்கு லீவு. அம்மா அவர் கதவைத் தட்டி இரண்டு வரி சொன்னதும், பனியனோடே வந்து வண்டியைக் கிளப்பினார். அம்மா முன்னால் அவர் பக்கத்தில் இடுக்கி உட்கார, நான் பின்னால், முந்தின நாள் ஏற்றிய தோலின் உப்பு அப்பிய வண்டித் தட்டில் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வாலாஜா தாண்டி ஹைவேயில் லாரிகள் எல்லாம் எங்களை முந்திக்கொண்டு போயின. "பேஜார் புடிச்ச வண்டி, இன்னிக்குப் பாத்து இழுக்க மாட்டேங்குது" என்று பாய் ஸ்டியரிங்கைக் குத்தினார். என் அம்மா சாகப்போவதில்லை என்ற சந்தோஷம் எனக்குள் பொங்கிக்கொண்டு வந்தது, வேறொருத்தி போகப்போகிற நேரத்தில் இப்படிச் சந்தோஷப்படுகிறேனே என்ற பயமும் கூடவே வந்தது. வியாழக்கிழமையே வாயைத் திறந்திருந்தால் மூன்று நாள் கிடைத்திருக்கும். அந்த மூன்று நாளும் நான் தப்பான ஆளைக் காவல் காத்துக்கொண்டிருந்தேன்.

காவேரிப்பாக்கத்தில் தனத்தின் வீடு பூட்டியிருந்தது. எதிர் வீட்டு அம்மாள், "விடிஞ்சதும் தலைக்குத் தண்ணி ஊத்திக்கினு, சோறு கட்டிக்கினு ஏரிப் பக்கம் போச்சு. வேண்டுதல்னு சொல்லிச்சு" என்றாள். ஏரி அந்த வருஷம் கரை தளும்ப நிறைந்திருந்தது. கரைமேல் ஏறியபோது அக்கரை கண்ணுக்குத் தெரியவில்லை. பாய் ஒரு பக்கம் ஓட, நாங்கள் மதகுப் பக்கம் ஓடினோம். கல் குத்திக் குத்தி அம்மாவின் வெறுங்காலில் ரத்தம். அந்தச் செருப்பை ஒளித்து வைத்தவள் நான்தான்.

மதகுப் படியின் கடைசிக் கல்லில், காலைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் புடவை, ஈரத் தலை, அம்மாவைவிடப் பத்து வயது சின்னவள். பக்கத்தில் இரண்டு வாழை இலையில் சோறும் மீன் குழம்பும் பரிமாறியிருந்தது. காலியான டிபன் பாக்ஸின் மூடியில் சில்வர் பேனாவில் 74. அவள் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன், அம்மா கையால் என்னை அடக்கிவிட்டுப் படியிறங்கினாள். கடைசிக் கல்லுக்கும் கீழே, தண்ணீருக்குள் இறங்கி, தனத்துக்கும் ஏரிக்கும் நடுவில் இடுப்பளவு நனைய வெள்ளைப் புடவையோடு நின்றுகொண்டு, ஒரு இலையைத் தன் பக்கம் இழுத்து, சோற்றைப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டாள்.

தனம் பதறிப்போய், "ஐயோ அக்கா, அது அவருக்கு வெச்சது!" என்றாள்.

"அவரு சாப்புட மாட்டாருடி. என் வூட்டுக்காரருக்கு ஒரு வருஷம் வெச்சுப் பாத்துட்டேன். ஒரு பருக்க கொறயல" என்றாள் அம்மா. "நீ சாப்புடு. கொழம்புல உப்பு கம்மி."

தனம் அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே அவள் தன் இலையில் கை வைப்பதை நான் பார்த்தேன். அம்மா ஒரு கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவள் புருஷனுக்கு வைத்த இலைச் சோற்றைக் கடைசிவரை சாப்பிட்டு முடித்தாள். அம்மா அழுததை நான் முதல் தடவையாகப் பார்த்ததும் அங்கேதான். கரைமேல் மூச்சுவாங்கி வந்து நின்ற சலீம் பாய், எங்களைப் பார்த்துவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

தனத்தை அன்றைக்கே எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். ஏழு மாதம் எங்களோடு இருந்தாள். மனநல வைத்தியத்துக்கு வேலூர் போய்வர அம்மாவே லீவு போட்டுக்கொண்டு கூடப் போனாள். புத்தகத்தில் தன் முறை முடிந்தபோது, எழுபத்து நான்காம் நம்பரின் கருத்துக்குக் கீழே அம்மா எழுதினாள்: "74க்கு. நாளையிலிருந்து மதியம் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடு. கதவைச் சாத்தியது சரிதான். 131." அவள் நூற்று முப்பத்தொன்று என்று எல்லோருக்கும் தெரிய எழுதியது அதுதான் முதல் தடவை.

அந்தப் புத்தகம் இப்போது என்னிடம் இருக்கிறது. பசை வாடை போய்விட்டது, வெள்ளி எழுத்து சாம்பல் நிறமாகிவிட்டது. கம்பெனியில் இப்போது டோக்கன் இல்லை, விரலை வைத்தால் கதவு திறக்கிறது. மதியத்தில் ஆளுக்கொரு போன். தனம் ஆம்பூர்ப் பக்கம் மறுகல்யாணம் ஆகி, கிறிஸ்துமஸுக்கு மீன் குழம்போடு வருகிறாள், உப்பு இப்போதெல்லாம் ஜாஸ்தி.

அந்த நர்ஸ் கதையின் இரண்டாம் பாகத்தைப் போன வாரம் போனில் ஒரு கதைத் தளத்தில் மறுபடி வெளியிட்டிருந்தார்கள். கீழே வாசகர் கருத்து நூற்றுக்கணக்கில். நட்சத்திரம், கைதட்டல், முடிவு சொதப்பல், மூன்றாம் பாகம் எப்போது. தள்ளிக்கொண்டே போன என் விரல் ஓரிடத்தில் நின்றுவிட்டது. படமில்லாத, பெயருக்குப் பதிலாக வெறும் எண்கள் வைத்திருந்த ஒருவர் எழுதியிருந்தார்: "எனக்கும் தெரிகிறார். கூப்பிடுகிறார். போய்விடலாம் போல இருக்கிறது." அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கிற மஞ்சள் முகங்கள்.

பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கையில் இருந்ததை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். எழுபதை நெருங்குகிறாள், முட்டிவலி வேறு.

"எந்த ஊராம்?"

"தெரியாதும்மா. இதுல அதெல்லாம் போட மாட்டாங்க."

"தெரியாதுன்னா எப்டிடி? கேளு" என்றாள். அதற்குள் அவள் கால் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது.

கேட்டிருக்கிறேன். சிரித்த முகங்களுக்கெல்லாம் கீழே, எந்த ஊர் நீங்கள், சாப்பிட்டீர்களா என்று எழுதி என் போன் நம்பரையும் போட்டிருக்கிறேன். தளத்தை நடத்துகிறவர்களுக்கும் எழுதியாயிற்று. அம்மா அரை மணிக்கு ஒரு தரம் வந்து பார்த்துவிட்டுப் போகிறாள். இன்றைக்குச் சனிக்கிழமை, இன்னும் பதில் வரவில்லை.