ஐஸ் பெட்டியும் என் மூன்றாம் அத்தியாயமும்

ரஷ்ய, போலந்து இரங்கற்பாக்களில் பனி என்ன வேலை செய்கிறது என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. எங்கள் ஊரான பாலோவைச் சுற்றி எங்கே திரும்பினாலும் செம்பனை எண்ணெய்த் தோட்டம்தான். பனிப்பொழிவை நான் கண்ணால் கண்டதில்லை. அக்காள் அதைக் கிண்டல் செய்யாமல் விடமாட்டாள். “பனியப் பத்தி எழுத எதுக்குடி யூனிவர்சிட்டி? ஐஸ் கச்சாங் கடையில உக்காந்து ஐஸ் சீவுறதப் பாத்தா போதும்லா” என்பாள்.

மூன்றாம் அத்தியாயத்தில் தீர்மானமாகவே எழுதியிருந்தேன். உறைபனி இறந்தவரின் முகத்தைக் காலத்திடமிருந்து காப்பாற்றி வைக்கிறது. இரங்கற்பா என்ற இலக்கிய வகையே அந்தக் காப்பாற்றலில்தான் நிற்கிறது. மேற்பார்வையாளர் பாராட்டினார். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது.

அந்த வாரமே அக்காள் மூளையில் இரத்தக்குழாய் வெடித்து இறந்துபோனாள். வாடகைக்கு எடுத்த ஐஸ் பெட்டியில் அவளைக் கூடத்தில் கிடத்தினோம். தம்பி சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை செய்தான். அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அக்காள். அவன் முகம் பார்க்காமல் தூக்கக்கூடாது என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள்.

மதியம் இடி மழை. கரண்ட் போனது, வரவே இல்லை. பெட்டிக்குள் குளிர் குறையக் குறைய, இருட்டுமுன் எடுத்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் நெருக்கினார்கள். தம்பியோ சிங்கப்பூர் எல்லைப் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தான்.

மாமா மீன்கடையிலிருந்து ஐஸ் மூட்டை கொண்டுவந்தார். நான் அதைப் பிளாஸ்டிக் பைகளில் கட்டி அக்காளைச் சுற்றி அடுக்கினேன். பைகள் ஒழுகின. தலைமாட்டுப் பையிலிருந்து அவள் கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. துடைக்கத் துடைக்க வழிந்தது. அந்தக் கவிஞர்கள் மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர்கள் ஊரில் பனி மாதக்கணக்கில் கிடக்கும். எங்கள் ஊரில் ஒரு பொழுதுகூடத் தாங்கவில்லை.

பொழுது சாயும்போது தம்பி வந்தான். வேலைச் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. யாரும் கழற்றச் சொல்லவுமில்லை. அதற்குள் பைகளை எடுத்து மறைத்திருந்தோம். மூடியைத் திறந்ததும் குனிந்து அவள் கன்னத்தில் கன்னம் வைத்தான்.

“அக்கா மொகம் ஏன்மா நனஞ்சிருக்கு?”

இத்தனை வருடம் பனியைப் படித்த நான் நனைந்த கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அம்மாதான் சொன்னாள்.

“உன்ன இன்னும் காணோமேன்னு அழுதாடா.”

அவன் அந்த ஈரத்தை உள்ளங்கையால் வழித்துத் தன் முகத்தில் பூசிக்கொண்டான். அதில் மீன் வாடை அடித்தது. என் கையிலும் அடித்தது. அவனுக்குத் தெரிந்ததா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.