எச்சில் படாத புகை

நெமிலிச்சேரி ஸ்டேஷனை நோக்கி நடந்துகொண்டிருந்தபோதுதான் என் கையில் ஒரு தீப்பெட்டி இருப்பதைக் கவனித்தேன். அண்ணாத்தே வீட்டிலிருந்து கோபமாக எழுந்த வேகத்தில் அவர் தலைமாட்டில் இருந்ததை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். எடுத்து என்ன பயன்? தெருமுனைப் பெட்டிக்கடையில் அவருக்கு வேறு கிடைக்கும். திரும்பிப் போய்க் கொடுக்கவும் மனமில்லை, சாக்கடையில் எறியவும் மனமில்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தேன். பின்னால் அவர் இருமுவது கேட்டது. இரண்டு தெரு தாண்டிய பிறகும் கேட்டது என்றால் அது அவர் வீட்டிலிருந்து வந்த சத்தமாக இருக்க முடியாது.

அந்த இருமலோடு எனக்குப் பழைய பழக்கம். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். திருப்பூரில் சாயப்பட்டறை, ஓசூரில் பரோட்டாக் கடை, அப்புறம் லாரி கிளீனர் என்று ஓரிடத்தில் தங்காமல் சுற்றியவன். ஊரடங்கு வந்தபோது அம்பத்தூரில் ஒரு பட்டறையில் இருந்தேன். பட்டறையைப் பூட்டிவிட்டார்கள். தண்ணீர் கேன் வண்டி ஓட்டிய அண்ணாத்தேதான் என்னை லோடுமேனாகச் சேர்த்துக்கொண்டார். ஊரில் எல்லா வேலையும் நின்றது, தாகம் மட்டும் நிற்கவில்லை.

அயனம்பாக்கம் ஏரிப் பக்கத்து அடுக்குமாடி வீடுகள்தான் எங்கள் வாடிக்கை. எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த காலம். வெளியாட்கள் லிஃப்டில் ஏறக்கூடாது என்று கீழே ஒட்டியிருந்தார்கள். நாலாவது மாடிக்கும் படிதான். நான் ஒரு கேனைத் தோளில் வைத்துத் தடுமாறும்போது அண்ணாத்தே தோளில் ஒன்று, கையில் ஒன்று என்று பேசிக்கொண்டே ஏறுவார். நாங்கள் வைத்துவிட்டு இறங்கிய பிறகு கதவு திறக்கும், கேன் மேல் சானிடைசர் அடிக்கும் சத்தம் கேட்கும். “தண்ணி வோணும், தண்ணி கொண்டாற மூஞ்சி வோணாம். நல்லா கீதுல்ல மாமே?” என்று சிரிப்பார்.

அவருக்கும் பயம் இல்லாமல் இல்லை. இரண்டு மாஸ்க் போடுவார். வண்டியில் ஒரு ஃபிளாஸ்க் நிறையக் கபசுரக் குடிநீர் இருக்கும். என் மாஸ்க் மூக்குக்குக் கீழே இறங்கினால் கெட்ட வார்த்தையில் திட்டுவார். இத்தனையும் செய்தவர் மதியமானால் ஏரிக்கரையில் கருவேல மர நிழலில் வண்டியை ஓரங்கட்டுவார். இன்னும் இரண்டு வண்டிக்காரர்கள் அங்கே வருவார்கள். பீடியைப் பிரித்து, தூளைத் தட்டி, ‘ஸ்டஃப்’ என்று அவர்கள் சொல்லும் கஞ்சாவைத் திணித்து ஒன்றே ஒன்று கட்டுவார்கள். மூன்று பேரும் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, முட்டியோடு முட்டி இடிக்க வட்டமாகக் குந்துவார்கள். எனக்கு அது ஒத்துக்கொள்ளாது, இழுத்தால் வாந்தி வரும். அதனால் வண்டியின் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

பீடியை அவர்கள் உதட்டில் வைப்பதில்லை. விரல் இடுக்கில் செருகி, கையை முஷ்டியாக மூடி, கட்டைவிரல் பக்கத்து ஓட்டையில் வாயை வைத்து இழுப்பார்கள். சொம்பைத் தூக்கி அண்ணாந்து தண்ணீர் குடிக்கிற மாதிரி, இதிலும் எச்சில் படக்கூடாது என்பது ஒரு முறை. கொரோனா வந்ததும் அந்த முறைக்கு மரியாதை கூடிவிட்டது. கை மாறும்போது கையில் சானிடைசர் தடவிக்கொள்வார்கள். ஒரு நாள் ஈரம் காய்வதற்குள் அண்ணாத்தே தீக்குச்சி கிழிக்க, உள்ளங்கை நீலமாகப் பற்றிக்கொண்டது. கையை உதறிக்கொண்டு அவர் குதித்த குதியில் மற்ற இருவரும் தரையில் உருண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“மூஞ்சிக்கு மூஞ்சி குந்திகினு ஊதுறீங்க, இருமுறீங்க. அதுல பரவாதா அண்ணாத்தே?” என்று கேட்டிருக்கிறேன்.

“எச்சி பட்டாத்தான் நைனா நோவு. இங்க எவன் வாய் பட்டுது? உள்ள போற சூட்டுல கிருமி வெந்து பூடும்.”

இழுத்த புகையை நெஞ்சுக்குள் வெகுநேரம் அடக்கி வைத்துக்கொண்டு, கண் சிவக்க, இருமலோடு வெளியே விடுவார். அந்த இருமல் நேராக எதிரே இருப்பவன் முகத்தில் போய் விழும். அதை ஒருவனும் கணக்கில் எடுக்கவில்லை. எச்சிலுக்குப் பயந்தார்கள், மூச்சுக்குப் பயப்படவில்லை.

இரண்டாம் அலையில் வட்டத்தில் இருந்த மூவருக்கும் காய்ச்சல் வந்தது. மற்ற இருவரும் வீட்டில் படுத்துத் தேறிவிட்டார்கள். அண்ணாத்தே படுக்கவில்லை. காலையில் எழுந்ததும் இருமுவது அவருக்குப் பல வருடப் பழக்கம் என்பதால் புதிதாக வந்த இருமலை அவர் மதிக்கவே இல்லை. “இது ஸ்டஃப் இருமலு மாமே, கொரோனா இருமலு வேற” என்றார். தெருத்தெருவாகக் காய்ச்சல் விசாரிக்க வந்த பெண்ணிடமும், “இருமலா? அது எப்பவும் கீதும்மா” என்று சொல்லி அனுப்பினார். நெஞ்சு கட்டியிருக்கிறது, இளகட்டும் என்று இன்னொன்று கட்டி இழுத்தார். பிறகு ஒரு நாள் இரண்டாவது மாடிப் படியில் கேனை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தவரால் எழ முடியவில்லை. உதடு கறுத்திருந்தது. காலி கேன்களுக்கு நடுவே அவரைச் சாய்த்து, செய்தி கேட்டு ஓடிவந்த அவர் மனைவி, அண்ணி, பிடித்துக்கொள்ள, நான்தான் வண்டியை ஓட்டினேன்.

ஆஸ்பத்திரியில் பழக்கம் ஏதாவது உண்டா என்று கேட்டார்கள். “டீ கூட அளவாத்தாம்மா குடிப்பாரு” என்றார் அண்ணி. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயம். உள்ளே ஆள் போதாததால் என்னைக் கூட இருக்க விட்டார்கள். அண்ணாத்தே தூங்கவே இல்லை. வியர்த்துக் கொட்டியது, நர்ஸைத் திட்டினார், ஆக்சிஜன் மாஸ்க்கைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தார். கடைசியில் கையைக் கட்டிலோடு துணியால் கட்டினார்கள். அப்போதும் கட்டிய கையின் விரல்கள் முஷ்டியாக மடங்கி மடங்கி விரிந்தன. அதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. வெளியே வந்து, அண்ணி பக்கத்தில் நிற்கும்போதே டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. களைப்பாகச் சொன்னார். “போலீஸுக்குச் சொல்றதுக்கா கேக்குறேன்? தினமும் இழுத்தவர் திடீர்னு நிறுத்தினா இப்படித்தான் தவிப்பார். மூச்சுத் திணறல்ல மட்டும்தான் பிடுங்குறார்னு நெனச்சோம். புகையால ஏற்கெனவே புண்ணான நெஞ்சு, அது மேல இது வந்து உக்காந்திருக்கு. மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?”

அதற்கேற்ற மருந்து கொடுத்தார்கள். மாஸ்க் முகத்தில் நின்றது. அண்ணாத்தே பிழைத்தார். ஆனால் அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் அண்ணி என்னைப் பார்த்து, “ஊட்டு மானத்த வாங்கிட்ட. இனிமே எங்க வாசப்படி மெரிக்காத” என்றார். வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டேன். எனக்கு அது புதிதல்ல.

இத்தனை வருடம் கழித்து அந்த அண்ணியேதான் எனக்குப் போன் செய்தார். “நீ சொன்னா கேப்பாரு, ஒரு தபா வந்து சொல்லு.” நேற்று மாலை போனேன். நாலு மாடி ஏறியவருக்கு வாசலில் இருக்கும் மூன்று படி மலையாக இருக்கிறது. மூச்சுக்கு ஒரு பம்ப் மருந்து கொடுத்திருக்கிறார்கள். அதையும் முஷ்டிக்குள் வைத்துத்தான் இழுக்கிறார். பாதி மருந்து உள்ளங்கையோடு போய்விடுகிறது. ஊரில் மறுபடி ஏதோ காய்ச்சல் சுற்றுகிறது. அவருடைய பழைய கூட்டாளிகள் மதியத்தில் அவர் வீட்டுக்கே வந்து, அந்தச் சின்ன அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வட்டம் போடுகிறார்களாம்.

“இன்னொரு தபா அந்த நோவு வந்தா தாங்குவியா அண்ணாத்தே?” என்றேன்.

“டேய், பாக்கு கூட போடாதவன்லாம் பூட்டான். நான் கீறேன் பாத்தியா? எது காப்பாத்துச்சுன்ற? இதான்” என்று முஷ்டியைக் காட்டினார்.

“கைய கட்டிப்போட்டு ஆக்சிஜன் வெச்சாங்க. அது காப்பாத்துச்சு.”

“காத்துதானேடா அது? காத்து எங்கதான் இல்ல?”

இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு மூன்று முறை மூச்சு வாங்கியது. சமையல் கட்டு வாசலில் நின்ற அண்ணி என்னையே பார்த்தார். வேறு ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். உயிரோடு இருப்பதையே சாட்சியாகக் காட்டுகிற மனிதனிடம் என்ன பேசுவது? அவர் தீப்பெட்டிக்குக் கை நீட்டினார். நான் எழுந்துவிட்டேன்.

இன்று காலை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். நண்பன் ஒருவன் முன்பே சொல்லி வைத்திருந்த இடம். சிலிண்டரில் ஆக்சிஜன் நிரப்பி ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறார்கள். கேட்டில் வாட்ச்மேன் என் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்து, தீப்பெட்டியை வெளியே எடுத்தார்.

“பீடி எங்க வெச்சிகினு கீற?”

“எனக்குப் பழக்கம் இல்ல. இது என்னுது இல்ல.”

“எல்லாரும் இதத்தான்யா சொல்றானுங்க” என்று அதை ஒரு தகர டப்பாவில் போட்டார். டப்பாவில் ஏற்கெனவே நிறையக் கிடந்தன.

உள்ளே போய் முதல் சிலிண்டரைச் சாய்த்து, அடி விளிம்பில் உருட்டினேன். தண்ணீர் கேனைவிடப் பல மடங்கு கனம். உள்ளே இருப்பது வெறும் காற்றுதான்.