பச்சை பக்கெட் மீன்கள்

மீனைப் பிடிப்பது ஒரு தொழில். பிடித்த மீனின் பெயரைச் சொல்லிவிட்டுத் திரும்பத் தண்ணீரிலேயே விடுவது இன்னொரு தொழில். எனக்கு இந்த இரண்டாவதற்குத்தான் சம்பளம். காலேஜில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போய், வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்ளும் என் இனத்தாரே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

தலைவரம்மாவின் கண்டிஷன்

ஆம்பூருக்கு இந்தப் பக்கம் ஒரு ஏரி. அதை மீன் வளர்க்க ஏலம் விடுவதாக இருந்தார்கள். ஏலம் எடுப்பவர் முதலில் செய்யும் வேலை, ஏரியில் இருக்கிற பொடி மீனையெல்லாம் ஒழித்துக் கட்டுவது. அதன் பிறகுதான் வெளியிலிருந்து வாங்கி வந்த குஞ்சுகளை விடுவார். நேராக ஊராட்சித் தலைவரம்மாவிடம் போய், இந்த ஏரியில் நம் நாட்டு மீன்கள் இருக்கின்றன, விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். போனில் போட்டோ காட்டினேன்.

அந்தம்மா போனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "போட்டோ எந்த ஏரியில வேணா எடுக்கலாம் டீச்சரம்மா. ஞாயித்துக்கெழம மத்தியானம் வர்றேன். பத்து வகை நாட்டு மீன கண்ணால காட்டுங்க. இல்லன்னா திங்கக்கெழம ஏலம்."

விலை என்ன?

ஞாயிறு காலை ஏழு மணிக்கெல்லாம் பதினெட்டு மாணவர்களோடு ஏரியில் இறங்கிவிட்டேன். கெளுத்தி வந்தது, அயிரை வந்தது, குறவை வந்தது. லத்தீன் பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற திவ்யா, உயிருள்ள உழுவை மீன் கையில் துள்ளியதும் அதை என் தலைமேல் எறிந்துவிட்டு ஓடினாள். பெயரை மட்டும் ஓடிக்கொண்டே சரியாகச் சொன்னாள், அதனால் திட்டவில்லை.

இந்தத் தொழிலில் கரையில் எப்போதும் ஒருவர் நின்று, கிலோ என்ன விலை என்று கேட்பார். அன்றைக்கு மாடு ஓட்டி வந்தவர் கேட்டார். விற்க இல்லை, பேர் எழுதிக்கொண்டு திரும்ப விட்டுவிடுவோம் என்றேன். பக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "அப்பறம் இன்னாத்துக்குமா அதுங்கள புடிச்சி பேஜார் பண்றீங்க?"

தோல் பார்க்கிற கை

எங்களோடு சலீம் பாயும் வருவார். ஷூ கம்பெனியில் தோலைத் தரம் பிரிக்கிற வேலை; ஞாயிற்றுக்கிழமையானால் எங்கள் கோஷ்டி. கட்டைவிரல் நீளத்தில் இரண்டு கெண்டைகளை வைத்துக்கொண்டு பிள்ளைகள் சண்டை போட்டார்கள். ஒரே வகை என்று ஒரு கட்சி, வேறு வேறு என்று இன்னொரு கட்சி. பாய் கையை நனைத்துக்கொண்டு, கண்ணை மூடி, விரலால் இரண்டையும் தடவினார். வேறு வேறு என்றார். லென்ஸ் வைத்துச் செதிலை எண்ணிப் பார்த்தோம். மனுஷன் சொன்னது சரி!

எப்படி பாய் என்று வாயைப் பிளந்தோம். "இருவது வருஷமா தோல தடவித்தான் மேடம் சோறு திங்கிறேன். இதுல ஒண்ணு ஃபர்ஸ்ட் குவாலிட்டி, இன்னொண்ணு ரிஜெக்ட்."

இரண்டு பக்கெட்

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நாட்டு மீன் பச்சை பக்கெட்டில். பார்த்து முடித்ததும் ஏரிக்கே போகும். ஜிலேபி மாதிரி வெளிநாட்டு மீன் சிவப்பு பக்கெட்டில். அது திரும்பத் தண்ணீருக்குப் போகக்கூடாது, குழம்புக்குப் போகும். குழம்பு வைப்பது எங்கள் அட்டெண்டர் முருகேசன். வேலைக்குப் புதுசு, ஆனால் கைப்பக்குவம் அபாரம்.

பதினொன்றரைக்குப் பத்தாவது வகையாக ஓர் ஆரால், பாம்புக்குட்டிபோல நெளிந்துகொண்டு வலையில் வந்தது. வயதை மறந்து சேற்றில் குதித்தேன். பச்சை பக்கெட்டை மரத்தடியில் வைக்கச் சொல்லிவிட்டு, சேற்றைக் கழுவப் பிள்ளைகளோடு ஊர்க் கிணற்றுக்குப் போனேன்.

திரும்பி வந்தால் பச்சை பக்கெட் காலி. அடுப்பில் குழம்பு கொதிக்கிறது. ஜிலேபியெல்லாம் ஏரியில் ஜாலியாக நீந்துகிறது. அடப்பாவி, என்னய்யா பண்ணே என்று கத்தினேன். முருகேசன் நிதானமாகக் கரண்டியைக் கழுவினார். "நாட்டு மீன தண்ணியில ஊத்திட்டு ஜிலேபிய யாராவது துன்னுவாங்களா மேடம்? மாத்தி சொல்லிட்டீங்கன்னு நானே சரி பண்ட்டேன்."

இலையில் பத்து

தலைவரம்மா ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறைக்கவில்லை; நடந்ததைச் சொன்னேன். அந்தம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, சட்டியில இருக்குதில்ல, எடுத்துக் காட்டுங்க என்றார்.

பிள்ளைகள் வாழையிலை விரித்தார்கள். குழம்பிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, மசாலாவைக் கழுவி, லென்ஸில் பார்த்துப் பெயர் சொன்னாள் திவ்யா. வெந்த மீனைத் தொட அவளுக்குப் பயமே இல்லை. முருகேசன் பொடி மீனுக்குச் செதில் எடுக்கிற ஆளில்லை. அந்தச் சோம்பேறித்தனத்தால் கெண்டை இரண்டுக்கும் செதில் தப்பியது, எண்ணிப் பிரித்தோம். எண்ணி முடித்தோம். ஒன்பது. கரண்டியை விட்டுத் துழாவினாலும் ஆராலைக் காணோம்.

ஓரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த சலீம் பாய் மெதுவாக எழுந்து வந்து தட்டை நீட்டினார். அதில் கூர்மூக்கோடு ஆரால் தலை, பக்கத்தில் உரித்த தோல் சுருக்கமில்லாமல் விரித்து வைத்திருந்தது. தலைவரம்மா பத்தையும் குனிந்து பார்த்தார். சோற்றில் சொட்டுக் குழம்பு ஊற்றி, இரண்டு பிடி சாப்பிட்டார். கை கழுவிக்கொண்டே சொன்னார்: "ஏலம் கெடையாது, நிறுத்திட்டேன். கரையில போர்டு வெக்கிறோம், இங்க யாரும் மீன் புடிக்கக் கூடாதுன்னு. மொதல்ல ஒங்க காலேஜுக்குத்தான்."

இத்தனை வருஷ வேலையில் நான் காப்பாற்றிய ஏரி அது ஒன்றுதான், அதில் கால் வைக்க எனக்கே அனுமதி இல்லை.