ஜொனியோடு ஓடியவன்

செல்வராஜ் இறந்த செய்தி வந்தபோது நான் மாநகர சபைக் கூட்டத்தில் இருந்தேன். குடிநீர் பற்றி வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. அவனுடைய மனைவி கமலா தொலைபேசியில் பேசினார். செய்தியாளனின் தொழில் பழக்கத்தில் எப்போது, எங்கே, எப்படி என்று வரிசையாகக் கேட்டுவிட்டேன். நித்திரையிலேயே போய்விட்டான். "விடியக்காலையிலேயே ஜொனி கதவப் பொறாண்டிக் கத்துச்சு அண்ணே. நாங்கதான் வெரட்டி விட்டோம்" என்று அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. இதுவும் அந்த நாய்க்குத்தான் முதலில் தெரிந்திருக்கிறது என்றுதான் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பேராதனையில் கலஹா சந்தியில் கூடி ஓடியவர்கள் எல்லோருக்கும் அவனைத் தெரியும். கெலிஓயாவிலிருந்து வந்தவர்களும் திகனவிலிருந்து வந்தவர்களும் மயானத்தில் நின்றதைப் பார்த்தேன். ஒவ்வொருவரும் அவன் தன்னோடுதான் அதிகம் ஓடினான் என்று பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் மலைமேல் கலஹா வரை ஏறித் திரும்பும் அந்த நீண்ட பயிற்சி ஓட்டத்தில் அவன் பக்கத்தில் ஓடியவன் நான். அதைப் பதிவு செய்துவிட வேண்டும்.

கலஹா தோட்டத்தில் பிறந்து, கண்டியில் நீர் வழங்கல் பகுதியில் குழாய் திருத்தியவன் செல்வராஜ். சமதரையில் நாலு வார்த்தை பேசமாட்டான். ஏற்றம் தொடங்கினால் வாய் திறக்கும். "ஏத்தத்துல கதைக்க முடியல்லன்னா நீ வேகமாப் போறன்னு அர்த்தம்" என்பான். அவனுக்கு முடியும், எனக்கு முடியாது. அதனால் அவன் சொல்வான், நான் கேட்பேன். மேலதிகாரியோடு பட்ட பாடு, அப்பாவின் குடி, கமலாவைப் பெண் பார்க்கப் போய் வழி தவறியது, எல்லாம் அந்த வீதியில்தான் எனக்குத் தெரியவந்தன.

ஹிந்தகலயைத் தாண்டி வளைவுகள் இறுகும் இடத்தில் நான் பின்தங்கிவிடுவேன். மேலே ஓடையைக் கடக்கும் ஒரு சின்ன மதகு இருக்கிறது. அங்கே அவன் நிற்பான். உட்காரமாட்டான். வந்த வழியைப் பார்த்தபடி நிற்பான். என் தலை வளைவில் தெரிந்ததும், "என்னா ரிப்போர்ட்டர், வர்ற வழியில செய்தி எழுதிட்டு வர்றியா?" என்று கத்துவான்.

பிறகு என் முழங்கால் போனது. வைத்தியர் ஓடக்கூடாது என்றார். அடுத்த மாதமே அவன் பக்கத்தில் ஜொனி ஓடியது. பேராதனை மரக்கறிக் கடைகளின் பின்னால் திரிந்த ஒரு மண்ணிற நாய். ஒரு காது மடிந்திருக்கும். அழகென்று சொல்ல ஒன்றுமில்லை.

ஜொனி வந்த பின் முதல் போட்டிக்கு முன்பு, பயிற்சியின்போது நான் மோட்டார் சைக்கிளில் தண்ணீர் கொண்டுபோனேன். போத்தலை வாங்கியவன் உள்ளங்கையில் ஊற்றி முதலில் அதற்குக் கொடுத்தான். வீட்டில் கொதிக்கவைத்து ஆறவைத்து வடித்த தண்ணீர் அது.

"நாய்க்கா சுடவச்சுக் கொண்டாந்தேன்?" என்றேன்.

"ஓடுனது அதுதானே" என்றான்.

அவன் மகளின் கல்யாணம் நிச்சயமானதை அழைப்பிதழ் பார்த்துத்தான் அறிந்தேன். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "ஜொனிக்கு மூணு மாசமாத் தெரியுமே" என்று சிரித்தான். "இப்ப அதுகிட்டத்தான் கதைக்கிறது. ஒன்னய மாதிரி நடுவுல கேள்வி கேக்காது." நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. ஒரு நாயின் மீது இந்த வயதில் பொறாமைப்பட முடியுமா என்று கேட்பவர்கள், தங்கள் இடத்தில் வேறொருவர் ஓடுவதை மோட்டார் சைக்கிளிலிருந்து பார்க்காதவர்கள்.

அவன் கூப்பிடாமல் இல்லை. "நடந்தாவது வாயேன். மதகு வரைக்குமாவது வா" என்று பலமுறை சொன்னான். "நீங்க ரெண்டு பேரும் போங்க" என்பேன்.

கருமாதி முடிந்ததும் கமலா என்னைக் கூப்பிட்டார். "ஜொனி ஓடாம வீட்டையே நாசமாக்குது அண்ணே. அவரு ஓடுற சப்பாத்தையும் கிழிச்சிருச்சு. ஒரு தடவ அந்த ரோட்டுல கூட்டிட்டுப் போங்க." நாயை முச்சக்கர வண்டியில் ஏற்றி ஹிந்தகலயில் இறங்கினேன். அங்கிருந்து நடந்தோம். அது முன்னால் இழுத்தது. நான் பின்னால் நொண்டினேன்.

மதகு வந்ததும் ஜொனி நின்றது. உட்கார்ந்து, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தது. கயிற்றை இழுத்தேன். அசையவில்லை.

எதிரே, நான் ஓடிய நாட்களில் இல்லாத ஒரு தேத்தண்ணிக் கடை. கடைக்காரம்மா எட்டிப் பார்த்தார். "இழுக்காதீங்க, கழுத்து போயிரும். இன்னைக்கி சார் வரல்லியா?"

சொன்னேன். அவர் கையிலிருந்த கேத்தலை மெதுவாகக் கீழே வைத்தார். 

"நல்ல மனுசன். ஓடி வந்து இந்த எடத்துல நின்னு கீழயே பாத்துக்கிட்டு இருப்பாரு. அவருக்கு மூச்சும் வாங்காது. யாரப் பாக்குறீங்க சார்னு கேட்டா, 'ரிப்போர்ட்டர் வரணும்'பாரு." என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கதானா அது?"

"ஆமா."

"நல்லா வந்தீங்க போங்க! ஒவ்வொரு ஞாயிறும் இதே கததான். கொஞ்ச நேரம் பாத்துட்டு, நாய்கிட்ட 'வரமாட்டான், வா'ன்னு சொல்லுவாரு. அப்படிச் சொன்னாத்தான் அது எந்திரிக்கும்."

முழங்கால் போன பிறகு எத்தனை ஞாயிறுகள் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை. அந்த நேரங்களில் நான் வீட்டில் பத்திரிகை வாசித்துக்கொண்டு இருந்தேன். அவன் எனக்காக நின்றதை நான் பார்க்கவில்லை, ஜொனி பார்த்திருக்கிறது. என் பொறாமை குறைந்துவிட்டதென்று எழுதினால் அது பொய்ச் செய்தி. கூடியிருக்கிறது.

ஜொனி இப்போது என் வீட்டில்தான் இருக்கிறது. ஞாயிறுகளில் நாங்கள் மதகு வரை நடக்கிறோம். அது உட்கார்ந்து கீழே பார்க்கிறது. நானும் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். மேல் வளைவிலிருந்து கலஹா பஸ் இறங்கிப் போகும். செல்வராஜிடமிருந்து எனக்கு மிஞ்சியவை அந்த மதகும், என்னைப் பற்றி அவன் சொன்ன இரண்டு வார்த்தைகளும். அவற்றைச் சொன்னால்தான் நாய் எழும்பும். அதனால் கொஞ்ச நேரம் கழித்துச் சொல்கிறேன்.

"வரமாட்டான், வா."