பூந்தமல்லியில் அரிஷ்ட ருசி

பூந்தமல்லியில் பஸ் பழுதாகி நிற்கிறது. நாட்டு மருந்துக் கடைப் பெஞ்சில் உட்காருகிறேன். பக்கத்தில் முனுசாமியும் கன்னியப்பனும், தாங்கள் அண்மையில் திறந்த திராட்சை அரிஷ்ட பாட்டில்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மதுவிலக்கு அமலில் இருக்கும் இந்த நாட்களில் லேசான கிறுகிறுப்புத் தரும் மருந்து அது.

"என்னுதுல கிராம்பு தூக்கலா கீது மாமே," என்கிறார் முனுசாமி.

"என்னுது வெல்லப்பாகு மாரி எறங்குது," என்கிறார் கன்னியப்பன்.

"உங்களுக்கு உடம்புக்கு என்ன?" என்று முனுசாமியைக் கேட்கிறேன்.

"பசியே எடுக்கல சார்," என்கிறார், மசால்வடையை மென்றபடி.

அப்போது அவருடைய மனைவி கடைக்கு வருகிறார். முனுசாமி கையிலிருந்த புதுப் பாட்டிலைத் துண்டுக்குள் மறைக்கிறார். அந்த அம்மாள் எங்களைக் கவனிக்காமல் கடைக்காரரிடம் சொல்கிறார்:

"அண்ணே, எங்கூட்டுக்காரர் இந்தவாட்டி வாங்கியாந்தது ஒரே கசப்பா கீது. போன தபா குடுத்தீங்களே, அதுதான் நாக்குல நிக்குது."

முனுசாமி திகைத்துப் பார்க்கிறார். பிறகு மெல்ல நகர்ந்து, பெஞ்சில் மனைவிக்கு இடம் விடுகிறார்.