யானை பார்க்க வைத்த நேர்த்தி

நான் கடவுளின் பெயரால் பொய் சொன்னவள். வைக்காத நேர்த்திக்கடனை வைத்ததாகச் சொல்லி, ஒரு வான் வண்டி நிறையச் சனத்தை யாழ்ப்பாணத்திலிருந்து கதிர்காமம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனவள். எதற்காக? காட்டு யானை பார்ப்பதற்காக!

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். என் கணவரின் காதில் மட்டும் இதைப் போட்டுவிடாதீர்கள்…

தலையைக் குனிந்துகொண்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு சொல்வேன் என்று எதிர்பார்த்தால் ஏமாந்து போவீர்கள். குற்றம் செய்தேன், உண்மை. ஆனால் அந்தக் குற்றத்தை எவ்வளவு அழகாகச் செய்தேன் என்பதையும் நான்தானே சொல்லவேண்டும்? வேறு யாருக்குத் தெரியும்?

மருதனார்மடத்துக்கு அருகே எங்களுக்குச் செம்மண் தோட்டம். புகையிலை, மிளகாய், வெங்காயம்… ஒன்று முடிய ஒன்று. என் கணவருக்கு உலகம் கிணற்றடியில் தொடங்கி வெங்காயப் பாத்தியில் முடிந்துவிடும். நானோ பள்ளிக்கூடத்தில் பூமிசாஸ்திரத்தில் முதலாவதாக வந்தவள். இலங்கைப் படம் வரைந்து, நடுமலையிலிருந்து நாலா பக்கமும் ஓடுகிற ஆறுகளை நீலக் கோடாக இழுப்பேன். ஒரு கோடாவது எங்கள் குடாநாட்டுக்குள் வரவேண்டுமே! வராது. எங்கள் பக்கத்தில் வழுக்கையாறு என்று ஒன்று இருக்கிறது. நல்ல மழை பெய்தால்தான், தான் ஓர் ஆறு என்ற நினைப்பே அதற்கு வரும்.

மலை இல்லை, அருவி இல்லை, யானை மறைந்து நிற்க ஒரு காடு இல்லை. சாவதற்கு முன் ஓடுகிற தண்ணீரில் கால் வைக்க வேண்டும், யானைகள் கூட்டமாக நிற்பதைக் கண்ணால் காண வேண்டும் என்று எனக்கு ஆசை. சாதாரண ஆசையா? வெறி!

கலியாணமான புதிதில் ஒருநாள் வாய்விட்டுக் கேட்டேன். அவர் சிரித்தார்.

“ஆனை பாக்கிறதுக்கு ஆரும் காடு தேடிப் போவினமே? கோயில் திருவிழாவுக்கு ஆனை வரும், அப்ப பாரும். நாங்கள் போனால் தோட்டத்தை ஆர் பாக்கிறது?”

அவரைக் குறை சொல்ல மாட்டேன். சும்மா ஊர் பார்க்கப் போவது எங்கள் பக்கத்தில் பைத்தியக்கார வேலை. தோட்டக்காரன் தோட்டத்தை விட்டுக் கிளம்புவதென்றால் செத்த வீடாக இருக்கவேண்டும், இல்லையேல் கோயிலாக இருக்கவேண்டும். அதிலும் நேர்த்திக்கடன் என்றால் மறுபேச்சே கிடையாது. வைத்த நேர்த்தியைத் தீர்க்காமல் விட்டால் வீட்டில் யாருக்கோ ஆபத்து! வெங்காயம் அழுகினாலும் பரவாயில்லை, போய்த் தீர்த்துவிட்டு வந்துதான் மற்ற வேலை.

இதை நான் மனதின் ஒரு மூலையில் போட்டு வைத்திருந்தேன்.

அறுபதுகளின் நடுவில் அவர் நெருப்புக் காய்ச்சலில் விழுந்தார். கண் உள்ளே போய், பேச்சுத் தடுமாறி, ஆளே அடையாளம் தெரியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மாமி, அதாவது அவருடைய தாய், கட்டிலடியில் நின்று தனக்குத் தெரிந்த தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டார். நான்? உங்களிடம் மறைக்க மாட்டேன். எனக்கு ஒரு தெய்வமும் நினைவுக்கு வரவில்லை! ஈரத் துணியை நெற்றியில் போட்டேன், காய்ந்ததும் எடுத்து நனைத்தேன், மறுபடியும் போட்டேன். பயத்தில் என் நாக்கு ஒட்டிப்போயிருந்தது. ஒரு ‘முருகா’ கூட வெளியே வரவில்லை.

அவர் பிழைத்தார். மருந்து பிழைக்க வைத்திருக்கலாம், மாமியின் தெய்வங்கள் பிழைக்க வைத்திருக்கலாம்… என் பிரார்த்தனை அல்ல. அப்படி ஒன்று இருக்கவே இல்லை.

அவர் எழும்பித் தோட்டத்துக்குள் நடமாடத் தொடங்கிய பிறகு, மாமிக்குத் தேத்தண்ணீர் கொடுக்கும்போது மெல்லச் சொன்னேன்.

“மாமி, இவர் ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை நான் ஒரு நேர்த்தி வைச்சனான். இவர் சுகமாய் எழும்பினால் எல்லாருமாய்க் கதிர்காமத்துக்கு வாறம் எண்டு…”

மாமி தேத்தண்ணீரைக் கீழே வைத்தார். “வைச்சுப்போட்டு இவ்வளவு நாளும் வாய் திறவாமல் இருந்தனியே பிள்ளை? கதிர்காமத்தானோடை விளையாட்டே!”

அவ்வளவுதான். யானைக்கு வழி திறந்துவிட்டது! ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணத்தைச் செய்யலாம் என்கிறார்கள். ஒரேயொரு பொய் சொல்லி யானை பார்க்கக் கூடாதா? அன்று என்னை நானே இப்படித்தான் கேட்டுக்கொண்டேன். பதிலுக்கு நான் காத்திருக்கவில்லை.

பயணத்தை நான்தான் திட்டமிட்டேன். நேர்த்தி வைத்தவள் சொல்வதுதானே சட்டம்! ஆடி மாதம் என்றேன். திருவிழாக் காலம் என்று மாமி மகிழ்ந்துபோனார். உண்மைக் காரணம் வேறு. ஆடி வறட்சியில் தென்காட்டுக் குளங்கள் வற்றிவிடும். மிருகங்கள் மிஞ்சிய தண்ணீரைத் தேடி வெளியே வரும். என் பழைய பூமிசாஸ்திர வாத்தியாரிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டு அறிந்து வைத்திருந்தேன்.

வேறு வழிகள் இருக்க, மலைநாட்டால்தான் போகவேண்டும் என்றேன். ஏன்? நுவரெலியாவில் சீதை சிறையிருந்த இடம் இருக்கிறதே, தரிசிக்காமல் போகலாமா! எல்லவுக்குக் கீழே இராவணன் பெயரில் ஓர் அருவி விழுகிறதே, சிவபக்தனின் தண்ணீரைத் தலையில் தெளிக்காமல் போகலாமா! நான் பார்க்க விரும்பிய ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு புராணத்தைக் கொண்டுவந்து ஒட்டினேன். ஒட்டியதெல்லாம் அசையாமல் நின்றது!

வான்காரர் அரியாலை ஆள், கூர்மையானவர். பேராதனையில் ஆற்றங்கரையோரம் நிறுத்தச் சொன்னபோது என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“இதிலை என்ன கோயில் அக்கா?”

“மகாவலி கங்கை ஓடுது தம்பி. கங்கை எண்டால் கோயில்தானே!”

அவர் மீசைக்குள் சிரித்துக்கொண்டு நிறுத்தினார். நான் இறங்கிப் போய்த் தண்ணீரில் கால் வைத்தேன். தண்ணீர் என் காலை இழுத்தது! கிணற்றுத் தண்ணீர் ஒருநாளும் ஆளை இழுத்ததில்லையே… நின்றபடியே அழுதுவிட்டேன். மாமி அதைப் பக்தி என்று நினைத்து, தானும் அழுதார்.

கதிர்காமத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். என் கணவர் தலையை மொட்டை அடித்து, மாணிக்க கங்கையில் முழுகி, ஈர வேட்டியோடு சந்நிதியில் நின்றார். நான் பக்கத்தில் நின்றேன். அப்போது அவர் முருகனோடு கதைத்தது என் காதில் விழுந்தது.

“இவ கேட்டதுக்காக என்னை உயிரோடை விட்டனி. நான் சும்மா இருக்கேலாது. இனி என்ரை வாயிலை மச்சம் படாது.”

மச்சம் என்றால் மீன், இறைச்சி, நண்டு எல்லாமுந்தான். நண்டு! ஐயோ, அந்த மனிதரும் நண்டும்! சந்தையில் நல்ல நண்டு கண்டால், தோட்ட வேலையைப் பாதியில் விட்டு, பனையோலை உமல் பையைச் சைக்கிளில் தொங்கவிட்டுக்கொண்டு வருவார். முருங்கையிலை போட்டு நான் இறக்கும் குழம்புக்கு அடுப்படியிலேயே கோப்பையோடு காவல் இருப்பார். கால்களை உடைத்து உறிஞ்சும்போது கூப்பிட்டாலும் காது கேட்காது. வேறு ஓர் ஆடம்பரமும் அறியாத மனிதர் அவர்.

அந்த இடத்திலேயே தடுத்திருக்கலாம். ‘விடுங்கோ, நான் ஒரு நேர்த்தியும் வைக்கயில்லை’ என்று ஒரு வசனம். ஒரேயொரு வசனம்! சொன்னேனா? இல்லை. ஏன் சொல்லவில்லை? மறுநாள் காலை யால காட்டுக்குப் போக இருந்தது…

அந்தக் காட்டுக்கும் ஒரு புராணம் என்னிடம் ஆயத்தமாக இருந்தது. பிள்ளையார் யானையாக வந்து, வள்ளியைப் பயப்படுத்தி, தம்பிக்குக் கலியாணம் ஒப்பேற்றிக் கொடுத்த காடல்லவா! அதை மிதிக்காமல் நேர்த்தி எப்படி நிறைவேறும்? ஒரு கவலைதான் இருந்தது. கூட வந்த அயல்வீட்டுப் பெண்கள் காட்டைக் கண்டதும் ‘அரோகரா’ போட்டால் ஒரு மிருகமும் நிற்காதே! “காட்டுக்குள்ளை சத்தம் போட்டால் வள்ளியம்மா பயந்துபோவா” என்று முதலே சொல்லிவைத்தேன். எங்கள் ஒழுங்கைப் பெண்கள் சேர்ந்திருந்தும் வாய் மூடியிருந்ததை என் வாழ்நாளில் அன்றைக்கு மட்டுந்தான் கண்டேன்.

மான்கள் வந்தன. மயில் வந்தது, முருகனே வந்துவிட்டதாக மாமி கைகூப்பினார். மணலில் கிடந்த மரக்கட்டை ஒன்று வாய் திறந்தபோதுதான் முதலை என்று தெரிந்தது. பிறகு ஒரு திருப்பம், ஒரு குளம்… குளம் நிறைய யானைகள்! தாய்மாரின் கால்களுக்கு நடுவில் ஒரு குட்டி, துதிக்கையை என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீரை அடித்துக்கொண்டு நின்றது. மாமி வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, “பிள்ளையாரப்பா…” என்று மூச்சுக்குள் சொன்னார்.

என் கணவர் என் கையைப் பிடித்தார். தாய்க்கு முன்னால் மனைவியின் கையைப் பிடிக்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. அவர் பிடித்தார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன.

“நீர் வைச்ச நேர்த்தியாலைதான் இதைப் பாக்க எனக்குக் கண் மிஞ்சியிருக்கு.”

அப்போது என் நெஞ்சு குத்தியதா என்று கேட்பீர்கள். குத்தவில்லை! நண்டும் நினைவில் இல்லை, பொய்யும் நினைவில் இல்லை. நான் நினைத்தேன், யானை வந்தது! பூமிசாஸ்திரப் புத்தகத்தை மூடிவிட்டு அடுப்படிக்குள் போன பெண் ஒருத்தி, நாட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு வழி வகுத்து, ஒரு வான் சனத்தை யானைக் கூட்டத்தின் முன் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள். அந்தப் பெருமையில் எனக்குத் தலை கால் தெரியவில்லை. பொய்யைவிட அந்தப் பெருமைதான் பெரிய குற்றமோ? இன்றைக்கும் அதை என்னால் விட முடியவில்லையே!

ஊருக்குத் திரும்பியதும் என் பெயர் பரவியது. கதிர்காமம் போக நினைப்பவர்கள் என்னிடம் வந்து வழி கேட்டார்கள். எந்த மாதம், எந்தப் பாதை, மலையில் என்ன போர்வை, எந்தக் கட்டுச்சோறு பழுதாகாது… எல்லாம் நான் சொல்வதுதான் வேதம். என் பேச்சைக் கேட்டுப் போன ஒருவர்கூட அருவி பார்க்காமல், யானை பார்க்காமல் வந்ததில்லை. வந்தவர்கள் எல்லாம் நல்ல தரிசனம் என்றார்கள்.

அவர் மட்டும் சொன்ன சொல்லில் நின்றார். பக்கத்து வீட்டில் நண்டுக் குழம்பு கொதித்து வாசம் வேலி தாண்டி வரும்போது, மெல்ல எழும்பித் தோட்டத்துக்குத் தண்ணீர் பார்க்கப் போவார். பாத்திகளுக்குத் தண்ணீர் அப்போதுதான் கட்டி முடிந்திருக்கும். பிள்ளைகளுக்காக நான் நண்டு சமைத்தால், “அதுகளுக்கு வடிவாய்க் குடும்” என்று சொல்லிவிட்டு, கத்தரிக்காயோடு சோற்றைப் பிசைவார். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. சுளித்திருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்!

எத்தனையோ தடவை சொல்லப் போனேன். சொன்னால் அவர் நண்டு சாப்பிடலாம். ஆனால் தனக்காகத் தெய்வத்தோடு மன்றாடிய ஒரு மனைவியை அவர் இழந்துவிடுவார். எது பெரிய நட்டம்? அவருக்காகத்தான் பேசாமல் இருந்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்களா? நானே பாதிதான் நம்புகிறேன். தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். எத்தனை வருடமாக நின்றுகொண்டே இருக்கிறது!

இது எண்பதுகளின் தொடக்கம். போன மாசியில் எங்கள் மகளுக்குத் தலைப்பிரசவம் சிக்கலாகிவிட்டது. தாயும் பிள்ளையும் தப்புவதே பெரிய காரியம் என்றார்கள். ஆஸ்பத்திரியில் நின்ற அவர், வெயிலுக்குள் சைக்கிளில் வீட்டுக்கு ஓடிவந்தார்.

“இஞ்சாரும், நீர் ஒரு நேர்த்தி வையும். என்ரை வாய்க்கு அவன் இரங்கிறானோ தெரியாது. உம்மடை வாய்க்கு இரங்குவான். அண்டைக்கு இரங்கினவன் எல்லே!”

சாமி அறைக்குள் போனேன். இந்தமுறை உண்மையாகவே கேட்க நினைத்தேன்… சத்தியமாக நினைத்தேன்! எந்த முகத்தோடு கேட்பது? இவள் எதைக் கேட்டாலும் ஒரு வான் பயணத்துக்காகத்தான் கேட்பாள் என்று அவன் நினைக்க மாட்டானா? படத்துக்கு முன்னால் நின்றேன். என் வாய் திறக்கவில்லை. வெறும் கையோடு வெளியே வந்தேன்.

“வைச்சிட்டீரே?”

“ஓம்” என்றேன்.

பொழுது சாய முதல் ஆண்குழந்தை பிறந்தது. மகளும் தப்பிவிட்டாள். அவர் சிரிப்பும் அழுகையுமாக வந்து கேட்டார், “எங்கை வைச்சனீர்?”

கதிர்காமம் என்று சொல்லியிருக்கலாம். பக்கத்தில் நல்லூர் இருக்கிறது, அதைச் சொல்லியிருக்கலாம். என் நாக்கு என்னைக் கேட்காமலே சொன்னது: “உகந்தைமலை முருகனுக்கு.”

உகந்தைமலை எங்கே இருக்கிறது தெரியுமா? குமணைக்குப் பக்கத்தில். குமணையில் என்ன இருக்கிறது தெரியுமா? பறவைகள்… ஆனி மாதத்தில் மரமெல்லாம் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் நீர்ப்பறவைகள்! வாத்தியார் அன்றைக்கே சொல்லியிருந்தார்.

“அப்ப நானும் ஏதும் விடவேணுமெல்லே” என்று அவர் யோசித்தார். யோசிக்க அதிகம் மிஞ்சியிருக்கவில்லை. வாயிலிருந்த சுருட்டை எடுத்துப் பார்த்தார். தன் தோட்டத்துப் புகையிலையில் தானே தெரிந்தெடுத்துச் சுற்றுவித்த சுருட்டு. அதை மண்ணில் தேய்த்து அணைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

வானுக்குச் சொல்லியாயிற்று. ஆனியில் புறப்படுகிறோம். வழி, கட்டுச்சோறு, தங்குமிடம் எல்லாம் என் ஏற்பாடுதான். ஒன்றும் பிசகாது, பாருங்கள். நேற்று யார் எங்கே இருப்பது என்று கதை வந்தபோது, முன் ஆசனத்தை அவர் எனக்கு ஒதுக்கிவிட்டார்.

“நேர்த்தி வைச்ச ஆள் எல்லே, நீர் முன்னுக்கு இரும்.”

ஓம் என்றேன். முன்னால் இருந்தால்தான் பறவைகள் நன்றாகத் தெரியும்.